திருநெல்வேலி கழித்தல் அலிபாக்: பூமியின் காந்தத்தை அளக்கக் காசு கொடுப்பது யார்?

சங்கத்துப் பொங்கல் விழாப் பந்தியில் ஒரு தடவை என் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர், செம்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். வடையைப் பிட்டுக்கொண்டே கேட்டார்: "அண்ணாச்சி, அந்தால அலிபாக்ல பூமியில காந்தம் எம்புட்டு இருக்குன்னு தெனமும் அளக்காங்களாமே. நூறு வருசத்துக்கு மேல அளக்காங்களாம். இன்னுமா அளந்து முடியல? அதுக்கு அரசாங்கம் துட்டு வேற குடுக்காமே, என்னத்துக்கு?"

பந்தியில் பதில் சொல்லி மாளாது. "மலருக்குக் கட்டுரை எழுதுதேன், படிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற இதை எழுதுகிறேன். நான் விஞ்ஞானி அல்லன். முப்பது வருடத்துக்கு மேல் ஆய்வு நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானிகள் கேட்ட பணத்துக்கு "ஆம்" என்றும் "இல்லை" என்றும் கோப்பில் எழுதியவன். ஆகையால் இந்தக் கட்டுரையில் விஞ்ஞானம் பாதி, பணம் பாதி.

தலைக்கு மேல் ஒரு காந்தக் குடை

சூரியன் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் மட்டும் அனுப்பவில்லை. மின்னேற்றம் பெற்ற துகள்களையும் இடைவிடாமல் ஊதித் தள்ளுகிறது. இதற்குச் சூரியக் காற்று என்று பெயர். இதன் வேகம் சாதாரண நாளில் விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். புயல் நாட்களில் இன்னும் எவ்வளவோ அதிகம். இந்தக் காற்று நேராக நம்மேல் வந்து மோதாமல் தடுப்பது பூமியின் காந்தப்புலம். பூமியின் வயிற்றுக்குள் உருகிக் கிடக்கும் இரும்புக் குழம்பின் ஓட்டத்தால் உண்டாகும் அந்தக் காந்தம், வெளியே பல்லாயிரம் கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவி நிற்கிறது. சூரியனைப் பார்த்த பக்கம் சுமார் 60,000 கிலோமீட்டர் வரை; எதிர்ப்பக்கம் சந்திரனின் பாதையையும் தாண்டி, வால் மாதிரி நீண்டு கிடக்கும். இந்தக் காந்த ஆட்சிப் பகுதியைத்தான் காந்தக்கோளம் என்கிறோம்.

குடை என்றாலும் ஒழுகாத குடை அல்ல. சூரியனிலிருந்து வரும் காந்தப்புலம் பூமியின் புலத்துக்கு எதிர்த்திசையில் அமைந்துவிட்டால் இரண்டும் அறுந்து புதிதாக இணைகின்றன. அந்த வழியாக ஆற்றல் உள்ளே புகுந்து, பூமியைச் சுற்றிப் பெரிய மின்னோட்டங்கள் உருவாகின்றன. தரையில் இருக்கும் காந்தமானிகளின் முள் அப்போது ஆடும். இதுதான் காந்தப் புயல்.

ஆட்டம் எவ்வளவு? காந்தத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு நானோ டெஸ்லா. நம் தென்னிந்தியப் பகுதியில் பூமியின் காந்தம் சுமார் 40,000 நானோ டெஸ்லா. சாதாரண நாளில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் சில பத்துகள், மிஞ்சிப்போனால் நூறு சொச்சம். நானூறில் ஒரு பங்கு அசைவு! இதை அளக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இரும்புச் சாமானே வரக்கூடாது. உள்ளே போகிறவர் சாவிக்கொத்தையும் பெல்ட்டையும் வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கோயிலுக்குள் செருப்பு மாதிரிதான்.

நம்ம ஊர்க் கணக்கு

இப்போது ஒரு சுவையான செய்தி. பூமியின் காந்தப்புலம் தரைக்குச் சரியாகக் கிடைமட்டமாக இருக்கும் கோட்டுக்குக் காந்த நடுக்கோடு என்று பெயர். இந்தியாவில் அது தென்கோடி வழியாகப் போகிறது. திருநெல்வேலி அதற்குப் பக்கம். அந்தக் கோட்டுக்கு நேர் மேலே, தரையிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. ஆறு மாதிரி ஒடுங்கிய ஓட்டம். அகலம் சுமார் 600 கிலோமீட்டர். சிட்னி சாப்மன் என்ற அறிஞர் 1951-இல் இதற்கு எலெக்ட்ரோஜெட் என்று பெயர் வைத்தார். நாம் மின்தாரை என்போம். பாளையங்கோட்டையில் உச்சி வெயிலில் நிற்கிற ஆளின் தலைக்கு மேலே பல்லாயிரம் ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் சின்ன வயதில் அங்கேதான் பம்பரம் விட்டேன். எனக்கு அப்போது தெரியாது.

இதை எப்படி அளக்கிறார்கள்? கிருஷ்ணாபுரம் என்றால் நமக்கெல்லாம் வேங்கடாசலபதி கோயில் சிற்பங்கள்தான் நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அங்கே காந்தமானி பகலில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். அதே நேரம் அலிபாகில் எவ்வளவு ஏறுகிறது என்றும் பார்ப்பார்கள். அலிபாக் அந்த மின்தாரைக்கு வெளியே இருக்கிறது. ஆனால் மற்ற பொதுவான மின்னோட்டங்கள் இரண்டு ஊரையும் ஏறக்குறைய ஒரே மாதிரி பாதிக்கும். எனவே திருநெல்வேலி ஏற்றத்திலிருந்து அலிபாக் ஏற்றத்தைக் கழித்தால் மிச்சம் நிற்பது மின்தாரையின் கணக்கு. உதாரணத்துக்கு, அங்கே 100, இங்கே 40 என்றால் மின்தாரையின் பங்கு 60.

திருநெல்வேலியில் பிறந்து, அலிபாகுக்கு எதிர்க்கரையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இந்தக் கழித்தல் கணக்கு தெரியவந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு ஊரில் ஒன்றின் எண் இல்லை என்றாலும் விடை இல்லை பாருங்கள்.

விடை கிடைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். இந்த மின்தாரையை ஓட்டுகிற அதே மின்புலம்தான் அயனி மண்டலத்தை மேலே தூக்குகிறது. சூரியன் மறைந்தபின் அதில் சில நாட்களில் குமிழிகள் மாதிரி ஓட்டைகள் விழும். அவற்றின் வழியே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை நடுங்கும், ஜி.பி.எஸ். தடுமாறும். விமானங்களுக்கு வழிகாட்ட விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து 'ககன்' என்ற அமைப்பை உருவாக்கியபோது, நம் பகுதி அயனி மண்டலத்துக்கென்றே தனிக் கணக்கு முறை தேவைப்பட்டது. அமெரிக்காவின் கணக்கை அப்படியே எடுத்துப் போட முடியவில்லை. அவர்கள் தலைக்கு மேலே மின்தாரை இல்லையே!

கம்பெனி கொடுத்த காசு

சரி, முதன்முதலில் காசு கொடுத்தது யார்? கிழக்கிந்தியக் கம்பெனி. கொலாபாவில் 1826-இல் அவர்கள் ஒரு வானாய்வுக்கூடம் கட்டினார்கள். கப்பல்களுக்குச் சரியான நேரம் வேண்டும், அதுதான் நோக்கம். 1830-களின் கடைசியில் இங்கிலாந்தில் எட்வர்டு சபைன் முதலான அறிஞர்கள், உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் காந்தத்தை அளக்க வேண்டும் என்று பெரிய இயக்கமே நடத்தினார்கள். காந்தம் தெரிந்தால் திசைகாட்டி பிழைக்காது, கப்பல் பிழைக்கும் என்று வாதாடிப் பணம் வாங்கினார்கள். பிரிட்டிஷ் அரசு தன் குடியேற்றங்களில் சில நிலையங்களை வைத்தது. கம்பெனி தன் பங்குக்குச் சென்னை, சிம்லா, சிங்கப்பூர், பம்பாய் ஆகிய இடங்களில் வைத்தது. பம்பாயில் 1841-இல் காந்த அளவீடு தொடங்கியது.

இனிமேல்தான் கதை. சிம்லாவும் சிங்கப்பூரும் 1840-களின் நடுவிலேயே நின்றுபோயின. குறித்த சில ஆண்டுகளுக்கு அளந்தால் போதும் என்றுதான் திட்டம். காலம் முடிந்தது, காசும் முடிந்தது. கொலாபா மட்டும் நிற்கவில்லை. 1857 கலகம் வந்தது. 1858-இல் கம்பெனி ஆட்சியே போய் ராணி ஆட்சி வந்தது. கொலாபாவில் அளந்துகொண்டே இருந்தார்கள்.

1859 செப்டம்பர் 1. இங்கிலாந்தில் ரிச்சர்டு காரிங்டன் என்பவர் சூரியக் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று வெண்ணிற ஒளி வெடிப்பு ஒன்றைக் கண்டார். பதினேழு மணி நேரத்துக்குச் சற்று மேலானபோது பூமியில் பெரும் காந்தப் புயல் அடித்தது. பல நாடுகளில் தந்திக் கம்பிகள் தாறுமாறாக இயங்கின. கொலாபாவில் அப்போது தானாகப் பதியும் கருவி கிடையாது. பணியில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்துக் கையால் குறித்தார்கள். மணிக்கு ஒரு தடவை. கலக்கம் கண்டால் இன்னும் நெருக்கமாக. அன்றைக்குக் கிடைமட்டக் காந்தம் சுமார் 1,600 நானோ டெஸ்லா இறங்கியதை அவர்கள் எழுதிவைத்தார்கள்.

அந்த நோட்டுகள் அலமாரியில் கிடந்தன. 144 வருடம் கழித்து, 2003-இல், புரூஸ் சுருதானி, வால்டர் கொன்சாலெஸ் ஆகியோரோடு நம் நாட்டு ஜி.எஸ். லகினா, சோபனா அலெக்ஸ் ஆகியோர் சேர்ந்து அவற்றை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். காரிங்டன் புயல் எவ்வளவு பெரியது என்று இன்று உலகம் எண்ணிப் பேசுவதற்கு அந்தப் பம்பாய் நோட்டு முக்கியமான ஆதாரம். அந்த 1,600-ஐ உலகம் முழுவதற்குமான அளவு என்று அப்படியே கொள்ளலாமா என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. ஆனால் வாதம் செய்வதற்கே அந்த எண் இருக்க வேண்டுமல்லவா? அந்த ராத்திரி, பகல் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் நின்றிருந்தால் வாதமும் இல்லை.

டிராமுக்கு வழிவிட்டவர்கள்

கொலாபா ஏன் அலிபாகுக்குப் போனது? பம்பாயில் குதிரைகள் இழுத்த டிராமை மின்சார டிராமாக மாற்றத் திட்டம் வந்தது. டிராம் கம்பியில் ஓடும் மின்சாரம் காந்தமானியைக் குழப்பிவிடும். ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநர் நானாபாய் ஆர்தேஷிர் பிராம்ஜி மூஸ். அவர் டிராமோடு சண்டைக்குப் போகவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாகில் இடம் பார்த்தார். இரும்புக் கலப்பில்லாத கல் தேடிப் போர்பந்தரிலிருந்து கொண்டுவந்து 1904-இல் கட்டிடம் எழுப்பினார்கள். அத்தோடு விடவில்லை. 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்த்து அளந்தார்கள். அப்போதுதான் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒட்டும். மின்சார டிராம் ஓடியது 1907-இல்.

ஒரு கணக்குக்காரன் என்ற முறையில் எனக்கு இந்த இரண்டு வருடச் செலவுதான் பெரிதாகத் தெரிகிறது. "ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் சம்பளமா?" என்று அன்றைக்கு என்னைப்போல ஒருவர் கோப்பில் எழுதி மடக்கியிருந்தால், 1841-இல் தொடங்கிய தொடர் அங்கேயே அறுந்திருக்கும்.

பஞ்சம், ராஜா, ராக்கெட்

கம்பெனி மட்டுமா கொடுத்தது? திருவிதாங்கூர் அரசர்களும் கொடுத்தார்கள். அவர்களுடைய திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தில் 1850-களில் ஜான் ஆலன் பிரௌன் காந்தத்தை அளந்தார். அதோடு நிற்காமல் நம் பொதிகையில், அகத்தியர் மலை உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, கீழேயும் மேலேயும் ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிட்டார். அகத்தியர் பெயரோடு அந்த நூல் 1874-இல் அச்சானது.

கொடைக்கானல் கதை வேறு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சூரியக் கரும்புள்ளிக்கும் மழைக்கும் தொடர்பு தெரிந்தால் பஞ்சத்தை முன்கூட்டி அறியலாம் என்ற எதிர்பார்ப்பு, சூரியனை ஆராயப் பணம் கேட்டவர்களுக்குப் பலம் சேர்த்தது. 1899-இல் கொடைக்கானல் ஆய்வகம் நிறுவப்பட்டது. பஞ்சத்தை முன்னறியும் வித்தை கிடைக்கவில்லை. ஆனால் 1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கே இருந்துதான் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். நூறாண்டுக்கும் மேலான சூரியப் படங்களும் அங்கே சேர்ந்தன. பணம் ஒரு காரணத்துக்கு வந்தது. பலன் வேறொரு பக்கம் காய்த்தது.

சுதந்திர இந்தியாவிடம் பணம் இல்லை. விக்ரம் சாராபாய் வேறொரு வழி கண்டார். நம்மிடம் இருப்பது இடம். காந்த நடுக்கோடு நம் நிலத்தின் மேல் போகிறது. அதை மூலதனமாக வைத்தார். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவக் கிராமத்தில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் பறந்தது. ராக்கெட் அமெரிக்காவுடையது, அதில் வைத்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. சோவியத் நாடு ஹெலிகாப்டர் கொடுத்து உதவியது. அலுவலகமோ மாதா கோயில். இன்றைக்கு இஸ்ரோ என்று மார் தட்டுகிறோமே, அதன் தொடக்கம் இந்த மேல்வளி ஆராய்ச்சிதான்.

இன்றைக்குப் பணம் எப்படி வருகிறது?

மூன்று வாய்க்கால்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாய்க்கால், நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் வரும் அடிப்படை நிதி. கொலாபாவின் வாரிசான இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் 1971-இல் தன்னாட்சி பெற்றது. தலைமையகம் நம் நவி மும்பையில், புதிய பன்வேலில் இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இதற்கு நிதி தருகிறது. சம்பளம், மின்சாரம், கருவிப் பராமரிப்பு எல்லாம் இதில் அடக்கம். இதில் புகழ் இல்லை. ஆனால் இது இல்லாவிட்டால் விளக்கு எரியாது.

இரண்டாவது, விண்கலத் திட்டங்கள். இது விண்வெளித் துறையின் பணம். ஆதித்யா-எல்1 நல்ல உதாரணம். 2008 வாக்கில் ஒரே ஒரு முக்கியக் கருவியோடு தாழ்ந்த பாதையில் சுற்றும் சிறு செயற்கைக்கோளாகப் பேசப்பட்டது. பிறகு ஏழு கருவிகளோடு, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் திட்டமாக வளர்ந்தது. ஏவும் செலவு நீங்கலாகச் சுமார் 378 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2023 செப்டம்பர் 2-இல் புறப்பட்டு 2024 ஜனவரி 6-இல் தன் இடத்தை அடைந்தது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, நம் செங்கோட்டைக்காரர். அந்த இடத்தில் சூரியக் காற்றை முகர்ந்து பார்த்தால், சாதாரண வேகத்தில் அது நம்மை வந்தடைய ஒரு மணி நேரம் முன்னதாகவே செய்தி கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க: காந்தக்கோளத்தில் புலங்கள் அறுந்து இணைவதைப் பார்க்க 2015-இல் நாசா அனுப்பிய நான்கு கலங்களுக்குச் சுமார் 110 கோடி டாலர் ஆனது.

இந்த வாய்க்காலில் ஆபத்தும் உண்டு. ஐரோப்பியர்கள் காந்தக்கோளத்தை ஆராய 'கிளஸ்டர்' என்று நான்கு கலங்கள் செய்தார்கள். 1996 ஜூன் 4-இல் ராக்கெட் வெடித்து நான்கும் ஒரு நிமிடத்துக்குள் நாசம். பல வருட உழைப்பு! உட்கார்ந்து அழுதுவிட்டு, மிச்சமிருந்த உதிரிப் பாகங்களிலிருந்தே ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். பிறகு மற்ற மூன்றுக்கும் ஒப்புதல் வாங்கி 2000-இல் அனுப்பினார்கள். அவை இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தன. இரண்டாம் தடவை காசு கொடுத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

மூன்றாவது வாய்க்கால், போட்டி போட்டு வாங்கும் திட்ட நிதி. ஒரு பேராசிரியர் "இன்ன கேள்வி, இன்ன கருவி, இவ்வளவு பணம்" என்று விண்ணப்பிப்பார். அதே துறை அறிஞர்கள் மதிப்பிடுவார்கள். குழு கூடும். ஒப்புதல் ஆணை வரும். பணம் தலைப்பு வாரியாக வரும்: கருவி, ஆள், நுகர்பொருள், பயணம், சில்லறைச் செலவு. ஒரு தலைப்பில் மிச்சமானதை இன்னொன்றுக்கு இஷ்டப்படி மாற்ற முடியாது. ஆண்டுக் கடைசியில் பயனீட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த தவணை. பெரும்பாலும் மூன்று வருடம். இதை முன்பு நடத்தியது அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம். 2023-இல் சட்டம் இயற்றி அதன் இடத்தில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையைக் கொண்டுவந்தார்கள். ஐந்து வருடத்தில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவிப்பு. அதில் பெரும்பகுதி, 36,000 கோடி, அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நாடு மொத்தமாக ஆராய்ச்சிக்குச் செலவிடுவது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் என்று 2020-21 கணக்கு சொல்கிறது. நூறு ரூபாய் சம்பாதித்தால் 64 பைசா.

நான் எழுதிய ஒரு குறிப்பு

இனி என் சொந்தக் கதை. எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். 2003-இல் ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. தொலைவில் ஒரு கிராமத்தில் வைத்திருந்த கருவிக்குப் பேட்டரிகள் மாற்ற வேண்டும். பார்த்துக்கொள்ளும் உள்ளூர்ப் பையனுக்கு மாதக் கூலி தொடர வேண்டும். மொத்தம் லட்ச ரூபாய்கூட இல்லை. ஆனால் மூன்று வருடத் திட்டம் ஜூனில் முடிந்துவிட்டது. அடுத்த திட்டத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, ஒப்புதல் வரவில்லை. "திட்டக் காலம் முடிந்தபின் செலவுக்கு இடமில்லை. புதிய ஆணை வந்தபின் பரிசீலிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விதிப்படி ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பேட்டரி செத்தது, பையன் வேறு வேலைக்குப் போனான்.

அந்த அக்டோபர் 29, 30 தேதிகளில் சூரியன் வெடித்து, பல ஆண்டுகளில் காணாத காந்தப் புயல் அடித்தது. உலகமெங்கும் கருவிகள் எழுதித் தள்ளின. ஜனவரியில் எங்களுக்குப் புதிய ஆணை வந்தது. கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுத்திருந்தார்கள். அந்த விஞ்ஞானி ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். கோடு போய்க்கொண்டே இருக்கிறது, நடுவே வெறும் காகிதம், பிறகு கோடு. "சார், நீங்க விதிப்படிதான் செஞ்சீங்க. கோபம் இல்ல. ஆனா இப்ப எவ்வளவு பணம் குடுத்தாலும் இந்த எடத்த நிரப்ப முடியாது" என்றார். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கணக்குக்காரன் கேள்வி கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தவன் நான். மார்ச் 31-க்குள் பணத்தைத் தீர்க்க வேண்டும் என்று அவசரமாக வாங்கி, பெட்டிகூடப் பிரிக்காமல் தூசி படிந்த கருவிகளைக் கண்டிருக்கிறேன். அது ஊரார் வரிப்பணம். கேள்வி கேட்பது தப்பில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. "இந்தச் செலவுக்கு ஆணை உண்டா?" என்று கேட்டேன். "இதை நிறுத்தினால் பிறகு வாங்க முடியுமா?" என்று கேட்கவில்லை. பேட்டரியைப் பிறகு வாங்கலாம். போன அக்டோபரை வாங்க முடியாது. அதன்பின் ஓய்வு பெறும்வரை, தொடர் அளவீட்டுக் கோப்பு எது வந்தாலும் இடைக்காலத்துக்கு நிறுவனத்தின் சொந்த நிதியில் ஏதாவது வழி உண்டா என்று முதலில் பார்ப்பேன். சில தடவை வழி இருந்தது. சில தடவை இல்லை.

மூன்று வருடமும் பதினோரு வருடமும்

சூரியனின் ஏற்ற இறக்கச் சுழற்சி சுமார் 11 வருடம். நம் திட்டங்களின் ஆயுள் 3 வருடம். சிக்கல் இங்கேதான். சூரியன் அமைதியாக இருக்கும் மூன்று வருடத்தில் திட்டம் வாங்கியவர் புயலையே பார்க்க மாட்டார். "என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று குழு கேட்டால் தலையைச் சொறிவார். அமைதிக் காலத்தின் அளவு இல்லாமல் புயல் எவ்வளவு என்று சொல்லவே முடியாது என்பது வேறு விஷயம்.

புயல் வந்தால் நஷ்டம் யாருக்கு? 1989 மார்ச் 13-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேர் சுமார் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். 2022 பிப்ரவரியில் ஒரு சாதாரணப் புயலில் காற்றுமண்டலம் வீங்கி, அப்போதுதான் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் நாற்பது வரை விழுந்து எரிந்தன. 2024 மே 10, 11-இல் அடித்த பெரும் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படம் பிடித்தார்கள். அந்தப் புயல் காரிங்டன் புயலோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று கேட்டார்களே, அதற்கு எதைப் புரட்டினார்கள்? கொலாபா நோட்டை.

ஆகவே மூன்றாவது வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் முதல் வாய்க்கால் வற்றக்கூடாது. புதிய கேள்விக்குப் போட்டி நிதி சரியான வழி. தினசரி அளவீட்டுக்கு அது வழியல்ல. அது நிரந்தரச் செலவு. முனிசிபாலிட்டி தண்ணீர்க் குழாய்க்கு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை விண்ணப்பமா போடுகிறோம்?

நம் பிள்ளைகளுக்கு

நம் சங்கத்துக் குடும்பங்களில் இயற்பியலில் ஆர்வமுள்ள பிள்ளைகள் பலர் உண்டு. எல்லோரையும் கம்ப்யூட்டர் பக்கமே தள்ள வேண்டியதில்லை. எம்.எஸ்ஸி. முடித்து நெட், கேட், ஜெஸ்ட் போன்ற தேர்வுகள் எழுதினால் ஆராய்ச்சி உதவித்தொகையோடு இத்துறைக்குப் போகலாம். பன்வேல், ஆமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம், பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம், திருவனந்தபுரத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் என்று இடங்கள் இருக்கின்றன. வரவு சுமார்தான், சில மாதம் உதவித்தொகை தாமதமாகவும் வரும். அதையும் மறைக்காமல் சொல்லி அனுப்புங்கள்.

இந்தக் கட்டுரையின் முதல் படியை அந்த மளிகைக்கடை நண்பரிடம்தான் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அப்போ இது நம்ம நாள் பேரேடு மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி. வியாபாரம் இல்லாத நாளும் எழுதணும். எழுதாம விட்டா வருசக் கடைசியில எவன் வந்தும் சரிபண்ண முடியாது."

முப்பது வருடம் கணக்கு எழுதிய எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். கேட்வேயிலிருந்து மாண்ட்வா படகில் பிள்ளைகளோடு அலிபாக் போகும்போது கோட்டையையும் கடற்கரையையும் காட்டுங்கள். அந்தக் காந்த ஆய்வகம் இருக்கும் திசையையும் ஒரு தடவை காட்டுங்கள். இன்றைய தேதிக்கான எண்ணை அங்கே குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.